வண்டியில் கிடந்தது வண்டிக்காரருக்கு

ஒரு நல்ல மெக்கானிக்கின் மேல் நான் பொய்ப்பழி போட்டேன். ஏதோ வாய் தவறி வந்த சொல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எழுதிய தாளை வாசித்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன், பிறகு கையெழுத்துப் போட்டேன். பௌதிகத்தில் முதுகலை படித்தவன் நான். சிவகாசியில் முப்பது வருடத்துக்கு மேல் காலண்டர் அச்சகம் நடத்தியவன். அச்சில் ஏறுகிற எழுத்தைத் திரும்ப வாங்க முடியாது, பார்த்து ஏற்றுங்கள் என்று கம்போசிங் அறையில் தினமும் கத்தியவன். அந்தக் கையெழுத்தால் ஒருவருடைய பட்டறை இருந்த இடத்தைவிட்டே போனது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. "நோட்டீசுல போட்டது பத்தாதாக்கும்? விடுங்க அண்ணாச்சி" என்று அவரே சொல்லிவிட்டார். அது என்ன நோட்டீஸ் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவரிடம் வண்டியை விட்டு எடுத்தால் சாவியோடு ஒரு பொட்டலமும் கைக்கு வரும். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும், தேய்ந்த ஒரு வாஷரானாலும், காலண்டர் வேஸ்ட் ஷீட்டில் மடித்து நூல் கட்டித் தந்துவிடுவார். எங்கள் ஊரில் நிறம் சரியாகச் சேராத தாள்களைக் கிலோ கணக்கில் வாங்கலாம். பலகாரக் கடை முதல் டயர்க் கடை வரைக்கும் அதில்தான் எல்லாம் சுற்றுவார்கள். இவர் மட்டும் வாங்கி வந்த கட்டைப் பிரித்து, சாமி படம் உள்ள தாளையெல்லாம் தனியே எடுத்து வைத்துவிடுவார். நானே ஒருமுறை பிள்ளையார் தாள் ஒரு கட்டு சும்மாவே கொடுத்தேன். கையை நீட்டவில்லை.

"சாமி மேல ஆயில் படும் அண்ணாச்சி. பனிமலை, ரோசாப்பூ, குழந்தப்பிள்ளை ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

பாகங்கள் மட்டுமல்ல. சீட்டுக்கடியில் கிடந்த பேனா மூடி, ஒற்றைத் தோடு, பாதி தின்ற காராச்சேவுப் பொட்டலம், எல்லாம் திரும்பி வரும். ஒருமுறை ரேடியேட்டர் பக்கம் செத்துக் கிடந்த ஓணான் ஒன்று ரோஜாத் தோட்டத்தில் சுற்றப்பட்டு என் கைக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துவிட்டு மறுநாள் சண்டைக்குப் போனேன்.

"ஏப்பா, இதையுமா கட்டிக் குடுப்ப?"

"வண்டியில கிடந்தது வண்டிக்காரருக்கு. எனக்கு எதுக்கு அண்ணாச்சி ஓணான்?"

இந்தக் குணத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. ஒரு வண்டியில் கண்டதை அந்த வண்டிக்காரரிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டார். எனக்கு ஊர்க்கதை கேட்பதில் ஆசை உண்டு, ஒளிப்பானேன். பஜாரில் பெரிய கடை வைத்திருப்பவரின் காரிலிருந்து ஏதோ சின்னதாக எடுத்து அவர் மடித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தை நீட்டி "என்னப்பா அது, மினுங்குது?" என்றேன். உள்ளங்கையை மூடிக்கொண்டார். "அது அவுக வண்டி" என்றார். அவ்வளவுதான். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அறுபத்து மூன்றாம் வயதில் நான் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கினேன். வெள்ளை நிற டீசல் கார். அதுவரை ஓட்டியதெல்லாம் பிறர் ஓட்டி முடித்த வண்டிகள். ஷோரூமில் சாவியை வாங்கும்போது கை நடுங்கியது. என் மனைவி போட்டோ எடுக்கிறவரிடம் "இவுக கையை எடுக்காதீக" என்றாள். ஊருக்கு வருவதற்குள் நாலு இடத்தில் நிறுத்தி, இறங்கி நின்று பார்த்தேன். அதன் மணமே ஒரு வாரத்துக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகுதான் கேள்வி வந்தது. சர்வீசுக்குக் கம்பெனி டீலரிடம் விடுவதா, இவரிடம் விடுவதா? அச்சகத்தில் இரண்டு கட்சி. விருதுநகர் நாலுவழிச்சாலையில் இருக்கும் டீலரிடம்தான் விட வேண்டும், அங்கே ஏசி அறை, காபி மெஷின், போனில் நேரத்துக்கு நேரம் தகவல் என்று ஒரு கட்சி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நம்மை உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கம் என்ன செய்கிறார்களென்று யாருக்குத் தெரியும் என்று மற்ற கட்சி. நான் நேரே இவரிடமே போய்க் கேட்டேன். தொழில் போகிறதே என்று மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"புது வண்டிக்கு நான் எதுக்கு? வாரண்டி முடியுற மட்டும் எஞ்சினை அவுகதான் தொடணும். நான் ஒரு நட்டைத் திருகினாலும் வெளியாளு தொட்டாம்பாக, உங்களுக்குத்தான் நட்டம். அதுபோக அவுககிட்ட அந்த வண்டிக்குன்னே கம்ப்யூட்டர் இருக்கு. எங்கிட்ட அது கிடையாது. போயிட்டு வாங்க."

"அப்ப உங்கிட்ட எதுக்கு வரணும்?"

"சத்தம் வந்தா வாங்க. சத்தம் கேக்குறதுக்கு அங்கன யாருக்கும் நேரம் கிடையாது."

சொன்னபடியே சத்தம் வந்தது. வண்டி வாங்கி எட்டாவது மாதம், பின்னால் எங்கோ 'டிணுக் டிணுக்' என்று. மேட்டில் ஏறினால் ஒருமுறை, இறங்கினால் இருமுறை. டீலரிடம் இரண்டு தடவை விட்டேன். சுத்தமாகக் கழுவித் துடைத்து, "சத்தம் கேட்கவில்லை" என்று அட்டையில் எழுதித் திருப்பித் தந்தார்கள். அவர்களைச் சொல்லிப் பயனில்லை. அங்கே தளம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தத் தளத்தில் எந்த வண்டிதான் சத்தம் போடும்?

இவர் கேட்ட ஒரே கேள்வி: "டிக்கியில ஏதும் சாமான் இருக்கா?" இல்லை என்றதும் டிக்கியைத் திறந்து, கையில் டார்ச்சோடு உள்ளே ஏறி, காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்.

"மூடிட்டு வெம்பக்கோட்டை ரோட்டுல ஓட்டுங்க. நான் தட்டினா நிறுத்துங்க."

மறுத்தால் கேட்கிற ஆளா? மூடிவிட்டு ஓட்டினேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கள்ளத்தனமாகப் பட்டாசு கடத்துகிறார்களா என்று போலீஸ் ரோட்டுக்கு ரோடு வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் சீசன். அது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு திருப்பத்தில் கைகாட்டி நிறுத்தினார்கள்.

"டிக்கியைத் திறங்க."

"சார், உள்ள ஒரு ஆள் இருக்காரு."

அந்தப் போலீஸ்காரர் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு அடி பின்னால் போய், இன்னொருவரைக் கூப்பிட்டு, இருவருமாகச் சேர்ந்து திறந்தார்கள். உள்ளே இவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பக்கவாட்டுத் தகட்டில் காதை ஒட்டி வைத்துக் கிடந்தார். டார்ச்சை எடுத்தார். போலீஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இப்பத்தானே அண்ணாச்சி பிடிச்சேன்! எதுக்கு நிறுத்தினீக?"

"ஏய்யா, நீ யாரு? உன்னைக் கடத்துறாங்களா?" என்றார் போலீஸ்காரர்.

"சத்தம் கேக்கேன் சார். ஒரு பத்தடி வண்டியை உருட்டச் சொல்லுங்க, நீங்களும் காதை வைங்க."

நம்பினால் நம்புங்கள், அவர் வைத்தார். நடுரோட்டில் காக்கிச் சட்டை ஒருவர் குனிந்து என் டிக்கிக்குள் தலையை விட்டபடி கூடவே நடந்து வர, நான் வண்டியை உருட்டினேன். "ஆமாய்யா, டிணுக்குங்குது!" என்று அவர் கத்தியபோது எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. பக்கத் தகட்டின் உறையை அங்கேயே கழற்றினார்கள். உள்ளே வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று கிடந்தது.

என் மனைவியினுடையது. எட்டு மாதமாகக் காணோம். புதுக் காருக்குப் பூஜை போட்ட அன்று என் தங்கை வந்திருந்தாள். அவள்தான் எடுத்துவிட்டாள் என்று மனைவி மனதில் வைத்துக்கொண்டு பேச்சையே நிறுத்தியிருந்தாள். இது எதுவும் அவருக்குத் தெரியாது. பனிமலையில் சிமிழை மடித்து நூல் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தவள் அந்தப் பனிமலைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே என் தங்கைக்குப் போன் போட்டாள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் அச்சகத்துக்கு நாலு வண்ண மிஷின் வந்தபோது முதலில் விழுந்த தாள் ஒரு லட்சுமி படம். நிறங்கள் இன்னும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதனால் அம்மனுக்கு இரண்டு ஜோடிக் கண்கள்; ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு கண். விற்க முடியாது, எறியவும் மனம் வராது, கால்படும் இடத்தில் போடவும் கூடாது. மடித்துப் பீரோவில் வைத்திருந்தேன். சிமிழ் கிடைத்ததற்கு மறு வருடம் ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, காரின் பானட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பொட்டு வைத்து, அந்தத் தாளைப் பேட்டரி ஓரமாகச் செருகினேன். வண்டிக்கும் ஒரு துணை இருக்கட்டும் என்ற எண்ணம்.

தீபாவளி கழிந்து ஹாரன் கம்மிப்போனது. சத்தம் சம்பந்தப்பட்டதாயிற்றே, அவரிடம் விட்டேன். சாயங்காலம் சாவியோடு வழக்கமான பொட்டலம். பிரித்தால் லட்சுமி.

"சாமியை அங்கன வைக்காதீக அண்ணாச்சி. நழுவி விழுந்தா அடியில நெருப்பாக் கொதிக்குற இரும்பு இருக்கு. பட்டாசு ஊருல ஓடுற வண்டி. முன்னால கண்ணாடிகிட்ட வைங்க, எம்புட்டு நாள் வேணும்னாலும் இருக்கட்டும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஜாரில் ஒரு மினி பஸ் உரசி என் பக்கக் கண்ணாடி பெயர்ந்து தொங்கியது. இரண்டு வருடம் ஒரு கீறல்கூட விழாத வண்டி. சாமியை இடத்தைவிட்டு எடுத்த அன்றே இப்படி. பௌதிகம் படித்த மூளை அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பானட்டைத் திறந்து அந்தத் தாளை மறுபடியும் வைத்தேன். இந்தத் தடவை இன்னும் உள்ளே தள்ளி, அவர் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். அவர்கள் தங்கள் வியாபாரிகளுக்குக் கொடுக்கும் காலண்டர் எங்கள் அச்சகத்து ஆர்டர். புரூஃப் காட்ட வேண்டும். கேட்டுக்கு இருபது முப்பது அடி இருக்கும்போது கருகும் வாடை வந்தது. அடுத்த நொடி பானட் இடுக்கில் நூல்போலப் புகை.

"அண்ணாச்சி, புகை! புகை! பின்னால எடுங்க, பின்னால எடுங்க!"

வாட்ச்மேன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவந்தார். நான் பின்கியர் என்று நினைத்து முன்கியரைப் போட்டேன். வண்டி கேட்டை நோக்கி ஒரு துள்ளு துள்ளியது. உள்ளே யாரோ விசில் அடித்தார்கள். வெடிமருந்து அறைகளிலிருந்து பெண்கள் வரிசையாக வெளியே ஓடி வேலியோரம் நின்றார்கள். அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிய சிலர் செருப்பை விட்டுவிட்டு ரோட்டில் ஓடினார்கள். எப்படியோ பின்னால் எடுத்து நிறுத்தி இறங்கினேன். நாலு பேர் மணல் வாளியோடு பாய்ந்து பானட்டைத் தூக்கிக் கொட்டினார்கள். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வேலியோரம் நின்ற பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். இன்னொருத்தி என்னைப் பார்த்து, "நாங்க செத்திருந்தா எங்க பிள்ளைக யார் மூஞ்சியில முழிக்கும்?" என்றாள்.

கம்பெனி முதலாளி அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், அதிர்ந்து பேசாதவர். மணலுக்குள் கையைவிட்டுப் பாதி கருகிய தாள் ஒன்றை எடுத்தார்.

"பேப்பர்! எஞ்சினுக்குள்ள எவன் பேப்பரை விட்டது? கடைசியா யார் அண்ணாச்சி வண்டியைத் தொட்டது?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்புட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மூணு நாளைக்கு முன்னாடி ஹாரன் பாக்கக் குடுத்தேன்" என்றேன். அது உண்மைதான். பொய்யை உண்மையால் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டீலரின் ஆட்கள் வந்து வண்டியை இழுத்துப் போனார்கள். அங்கே சர்வீஸ் அட்வைசராக இருந்த இளைஞர் மிகவும் மரியாதையானவர். "வெளியில யாராவது பேப்பரை மறந்து விட்டிருப்பாங்களா சார்?" என்று கேட்டார். "இருக்கும்" என்றேன். வெளிப்பட்டறையின் கவனக்குறைவால் எஞ்சின் அருகே காகிதம் விடப்பட்டதாக உரிமையாளர் தெரிவிக்கிறார் என்று தட்டச்சு செய்து, "படிச்சுப் பாத்து சைன் பண்ணுங்க சார்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். முதலில் சொன்னேனே, அந்தக் கையெழுத்து இதுதான்.

அந்தத் தாளின் நகலைக் கம்பெனி முதலாளி கேட்டு வாங்கினார். ஏனென்றால் அவருடைய வேன்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த மெக்கானிக்தான். அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். மேசைமேல் நகல், பக்கத்தில் கருகிய தாள். அதில் மிச்சம் இருந்தது அம்மனின் முகம் மட்டும். நாலு கண்ணும் அப்படியே இருந்தன.

"ஏப்பா, என் வேன்ல அம்புட்டுப் பொம்பளையாளுக வாராக. உள்ள வந்து மருந்துப் பக்கத்துல நிக்குற வண்டி. அதுலயும் இப்படிப் பேப்பரை விட்டுட்டுப் போனா என்னாகும்?" என்றார் முதலாளி.

அவர் தாளைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நான் விட்டதுன்னு நீங்க சொல்றீகளா அண்ணாச்சி?"

ஒரு வாய்ப்பு கொடுத்தார். இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்குக் காலண்டர் ஆர்டரும், வேலியோரம் நின்ற பெண்களின் முகமும்தான் கண்முன் நின்றன.

"ஆமா."

அவர் சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளை எடுத்தார். கருகிய லட்சுமியை அதில் பதமாகச் சுற்றி, உதிர்ந்த கரியையும் கூட்டிப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"வண்டியில கிடந்தது. வச்சுக்கோங்க."

போய்விட்டார். "பாத்தீகளா, ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியலை" என்றார் முதலாளி.

எங்கள் பக்கத்தில் குடிகாரன் என்று பெயர் வாங்கினவன்கூடப் பிழைத்துக்கொள்வான். நெருப்பு விஷயத்தில் அசட்டையானவன் என்று பெயர் வந்தால் தீர்ந்தது. வேன்கள் முதலில் நின்றன. பிறகு மற்றக் கம்பெனிக்காரர்களின் கார்கள். ஆறு மாதத்தில் பட்டறையைக் காலி செய்துகொண்டு, சாத்தூர்ப் பக்கம் நாலுவழிச்சாலையோரம் வழியில் நின்றுபோகும் வெளியூர் வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் டீலரிடமே விட்டேன். நல்ல வேலை, சொன்ன நேரத்துக்கு வண்டி வரும். கழற்றிய எதையும் யாரும் என் கையில் கொடுக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்படி ஐந்து வருடம் ஓடிற்று. ஒருநாள் பத்திரம் ஒன்றைத் தேடிப் பீரோவைக் குடைந்த என் மனைவி, அந்தக் கருகிய லட்சுமிப் பொட்டலத்தைப் பிரித்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க, இது நம்ம மிஷினோட முதல் ஷீட்டுல்ல?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"பீரோவுல இருந்தது கார்ல எப்படி எரியும்? அவுக சாமி ஷீட்டைத் தொடவே மாட்டாகளே. என் சிமிழைப் பனிமலையில சுத்தித்தானே குடுத்தாக." அவள் குரல் உயரவில்லை. "நீங்களா வச்சீக?"

"ஆமா" என்றேன். ஐந்து வருடத்தில் நான் சொன்ன இரண்டாவது ஆமா.

அன்றிலிருந்து அவள் காரில் ஏறவில்லை. விருதுநகரில் அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் பட்டுச்சேலையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது, நானும் நின்றேன். திருத்தங்கலில் பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சார், யாரையும் தேடுறீகளா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மறுநாளே புறப்பட்டேன்.

முதலில் கம்பெனி முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா உங்களைத் திட்டியிருப்பேன் அண்ணாச்சி, அம்புட்டுத்தான். இப்ப அந்த மனுசன் முகத்துல நானும் எப்படி முழிப்பேன்? எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. ஊரே பேசுச்சு. ஊருக்கே தெரியணும்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அச்சகத்தில் பையன் இப்போது பொறுப்பில் இருந்தான். அவனிடம் கேட்காமல், நல்ல கெட்டித் தாளில் இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்தேன். அவருடைய பெயரைப் பெரிதாகவும் என் பெயரைக் கீழேயும் போட்டேன். என் காரில் தீப்பிடித்த தாளை வைத்தது நான். அவர்மேல் பழி போட்டதும் நான். அவர் கையில் எந்தக் குற்றமும் இல்லை. இவ்வளவுதான் வாசகம். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், கம்பெனி கேட், கல்யாண மண்டபம் என்று நானே நடந்து கொடுத்தேன். ஒரு டீக்கடையில் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எலெக்சன்ல நிக்கீகளோ?" என்றார். வாசித்த பிறகு எழுந்து என் கையைக் குலுக்கினார். அதை வாங்கிக்கொள்ளக் கூசியது. முதலாளி ஒரு நோட்டீசைத் தன் அலுவலகப் பலகையில் தானே ஒட்டினார்.

பாதிக்குமேல் மீந்த கட்டோடு சாத்தூருக்குப் போனேன். தகரக் கொட்டகை, ஏதோ வெளியூர்க் காரின் அடியில் படுத்திருந்தார். தலைமுடி வெளுத்திருந்தது. கையை வெளியே நீட்டி நோட்டீசை வாங்கி, அடியில் படுத்தபடியே வாசித்தார்.

"தாள் நல்லாக் கெட்டியா இருக்கே" என்று குரல் வந்தது. "எவ்வளவு வச்சிருக்கீக?"

"ஒரு கட்டு இருக்கு."

"இங்கன இறக்குங்க. பொட்டலம் கட்ட ஆகும்."

வெளியே வந்து உட்கார்ந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நாலு கண்ணைப் பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிருச்சே."

"உங்க வண்டியில பாத்ததை அடுத்தவர்கிட்ட எப்படி அண்ணாச்சி சொல்றது? அப்படிச் சொன்னா நாளைக்கு எவன் நம்பி எங்கிட்ட வண்டியை விடுவான்?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திடீரென்று சிரித்தார். "சொல்லாம இருந்தும் எவனும் விடலை. அது வேற."

அதன்பிறகு அவரிடம் வண்டி விட்ட எல்லோருக்கும் தேய்ந்த பாகங்கள் என் நோட்டீசில் சுற்றப்பட்டுப் போயின, எழுத்து வெளியே தெரியும்படி. விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, "நீங்கதானா? என் பிரேக் கட்டை உங்க நோட்டீசுலதான் வந்துச்சு" என்றார். "நான்தான்" என்றேன். சிவகாசிக் கார்கள் ஒவ்வொன்றாக சாத்தூருக்குப் போகத் தொடங்கின. கம்பெனி முதலாளி வேன்களை அனுப்புவதாக நேரில் வந்து சொன்னார். "வேன் வேண்டாம் முதலாளி. அம்புட்டுப் பொம்பளையாளுக வார வண்டி, நெனைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. உங்க காரை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாராம்.

போன மாதம் போன் வந்தது.

"அண்ணாச்சி, நோட்டீசு தீந்துபோச்சு. இன்னும் ஒரு ஆயிரம் அடிக்கணுமே."

எனக்குப் பரபரப்பாகிவிட்டது. அவராகவே எனக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. "அதே மேட்டர்தானே?" என்றேன்.

மறுமுனையில் யாரோ ஹாரன் அடித்துப் பார்க்கும் சத்தம்.

"உங்க இஷ்டம். சேக்க வேண்டியது ஏதும் இருந்தாச் சேத்துக்கோங்க."

எழுபதைத் தாண்டிய காது சூடேறியது. ஒன்றை நான் விட்டிருந்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. தாளை வைத்தது நான் என்று எழுதியவன், அதை அவர் முன்பே எடுத்துக் கொடுத்ததை எழுதவில்லை. அறியாமல் செய்தவன் போலவே ஊரில் நடமாடினேன். அவருக்கு மட்டும் தெரியும். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நானே மிஷின் பக்கத்தில் நின்று அடித்தேன். இரண்டு வரி கூடுதல்: 'மூன்று நாள் முன்பே அவர் இந்தத் தாளை எடுத்து, அங்கே வைக்கக் கூடாதென்று சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் அவர் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து மறுபடியும் வைத்தேன்.' மை காயும்வரை பொறுக்க முடியவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதல் நோட்டீஸ் அடித்த நாளிலிருந்து காரில் ஏறத் தொடங்கியிருந்த மனைவி, மேல் தாளை எடுத்து நின்றபடியே வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பஸ்தானோ என்று நினைத்தேன். தாளைக் கட்டின்மேல் வைத்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

சாத்தூரில் அவர் நின்றுகொண்டே வாசித்தார். கடைசி இரண்டு வரியில் விரல் நின்றது. பிறகு என் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்றி, பழையதை எடுத்து, அந்தத் தாளை விரித்துச் சுற்றத் தொடங்கினார்.

"காயவே இல்லையே அண்ணாச்சி, கையில ஒட்டுது. அம்புட்டு என்ன அவசரம்?"

நூல் கட்டி மனைவியிடம் நீட்டினார். "வச்சுக்கோங்க மதினி. வண்டியில இருந்தது."

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் இறங்கும்போது பார்த்தால், அவளுடைய இளமஞ்சள் சேலையில் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தன.

"துவைச்சாப் போகுமா?" என்றாள்.

"ஆப்செட் மை. போகாது."

அவள் சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"போகாட்டி இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.